கதிரை இழுபடும் சத்தம்

மகள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழாவில் யாரோ சீமெந்துத் தரையில் கதிரையை இழுத்தார்கள். நான் திடுக்கிட்டு எழும்பி நின்றுவிட்டேன்.

அறுபதுகளில் எங்கள் ஊர் முரசுமோட்டையில் ஒரு ரீச்சர் பெண்பிள்ளைகளுக்கென்று தனியாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். கொட்டில் போட்டு, நிலத்துக்குச் சீமெந்தும் பூசிக் கொடுத்தது என் ஐயா. இருந்து படிக்கக் கதிரையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். பிள்ளை பெரியபிள்ளையானால் தகப்பன் வந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஐயாதான் வீடுவீடாகப் போய், "கதிரை அங்கையே கிடக்கட்டும், பிள்ளை படிக்கட்டும்" என்று சண்டை பிடிப்பார். என்னோடு படித்த வசந்தியும் கமலாவும் அப்படித்தான் நின்றுபிடித்தார்கள்.

நானும் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு முடிந்து, ஐயா இருக்கிற தைரியத்தில் திரும்ப வகுப்புக்குப் போன அன்றே ஐயா வந்தார்.

"எழும்பு பிள்ளை."

எழும்பினேன். அவர் கதிரையை இழுத்தார்.

ரீச்சர் குறுக்கே வந்தார். "நீங்களே இப்பிடிச் செய்யலாமோ?"

"அது ஊர்ப்பிள்ளையளுக்குச் சொன்னது, ரீச்சர். இது என்ரை பிள்ளை."

வசந்தியும் கமலாவும் தங்கள் கதிரைகளில் இருந்தபடி என்னைப் பார்த்தார்கள்.

"இருங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

பின்னால் கதிரை கிடக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இருந்தேன்.