பேத்திக்குப் பசிச்சா ஓடி வர்ற தூரம்

எங்க வீட்டுல இப்ப அதிகாரம் எல்லாம் பேத்தி கையில. அவ கொட்டாவி விட்டா நாங்க மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்போம். மேனேஜரம்மான்னுதான் நான் கூப்பிடுறது. என் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வர்றவங்ககிட்ட அவளுக்கு வாய்ச்சது என் மூக்குதான்னு சொல்லிட்டுத்தான் டியூப்பையே வெளிய எடுப்பேன்.

ஆனா நான் சொல்ல வந்தது அவளைப் பெத்த என் மருமகளைப் பத்தி.

மருமக ஒரு கிளினிக்குல ஆயாவா இருந்தா. பிரசவம் முடிஞ்சு திரும்பப் போனப்ப டாக்டரம்மா, "நர்ஸ் படிப்பு இல்லாதவங்களை இனிமே வச்சுக்க முடியாதும்மா, படிச்சுட்டு வா"ன்னு அனுப்பிட்டாங்க. படிப்புல சேர வயசு வரம்பு இருக்கு. மருமகளுக்கு இந்த வருஷம் விட்டா அவ்வளவுதான். என் மகன் லாரியில போறவன். அவன் கொண்டு வர்றது வாடகைக்கும் வயித்துக்குமே இழுபறி.

பக்கத்துல இருக்கிற காலேஜுல ஃபீஸைக் கேட்டுட்டு, அவங்க குடுத்த தண்ணியைக்கூடக் குடிக்காம இறங்கி வந்தோம். அடுத்து மொபைல் கடைக்கு மேல மாடியில ஒண்ணு. சுவத்துல எலும்புக்கூடு படம், கீழ பிளாஸ்டிக் நாற்காலி. ஃபீஸும் கம்மி. எனக்கு உசுரு வந்துச்சு.

மருமக கேட்டா: "வார்டு பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில குடுப்பீங்க?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம்."

மருமக எழுந்துட்டா. வெளிய வந்ததும் நான் கத்திட்டேன். "கைக்கு எட்டுனதை ஏம்மா விடுற?"

"ஒட்டாத பேட்சை டியூப்புல ஒட்டி அனுப்புவீங்களா மாமா? நான் மனுஷன் உடம்புல ஊசி குத்தணும்."

கடைசியா பெரிய ஆஸ்பத்திரி. அங்கயே நர்ஸ் பள்ளிக்கூடம், ஃபீஸ் நம்மால முடியுற அளவு. ஆனா ரெண்டு பஸ் மாறணும். ஹாஸ்டல்லதான் தங்கணும், குழந்தைக்கு அனுமதி இல்ல. மேனேஜரம்மாவோ பாட்டிலை வாயில வச்சா துப்பிடுவா.

மருமக கெஞ்சுனா. அங்க பெரிய நர்ஸம்மாவா இருக்கிற மேட்ரன் சொன்னாங்க: "கூப்பிட்டா நடந்து வர்ற தூரத்துல வீடு இருந்தா வெளிய தங்கலாம். உன் வீடு எங்க?"

சொன்னதும் பேனாவை மூடிட்டாங்க. "திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் சீட்டு வேற பொண்ணுக்கு."

பஸ்ஸுல மருமகளுக்குப் பால் கட்டி ஜாக்கெட் நனைஞ்சு போச்சு. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, "விட்டுடுறேன் மாமா, வீட்டு வேலைக்குப் போறேன்"னா. படிப்பு நம்ம வீட்டுப் பக்கம் வராது. அப்ப வீடுதான் படிப்புப் பக்கம் போகணும்னு பஸ்ஸை விட்டு இறங்குறப்பதான் தோணுச்சு.

மறுநாள் ஆஸ்பத்திரியைச் சுத்தி அலைஞ்சோம். எல்லா ரூமுக்கும் வாடகை ஆளை முழுங்குது. ஒண்ணே ஒண்ணுதான் மலிவு. ஜன்னலைத் திறந்தா எதிர்ல பிணவறை கேட்டு.

என் வீட்டுக்காரி வாசல்லயே நின்னுட்டா. "பச்சைக் குழந்தையைப் பொணம் போற வழியில படுக்க வைப்பீங்களா? மூளையும் பஞ்சராயிடுச்சா?"

"பொணம் அதுபாட்டுக்குப் போகுதுடி. உன்னை மாதிரி நைநைன்னா பேசுது?"

அவ சிரிக்கல. அழுதுட்டா. வெளிய யாரோ ஒரு அம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுறாங்க.

மருமக அதைக் கேட்டுக்கிட்டே நின்னா. "அத்தை, அந்த அழுகை எனக்குப் பழகணும். ஆனா என் பொண்ணு அழுதா எனக்குத் தெரியணும். வேற எங்க இருந்தாலும் தெரியாது."

சாமானை ஏத்திக்கிட்டு வந்துட்டோம். திங்கக்கிழமையே மேட்ரன் பேனாவைத் திறந்து மருமக பேரை எழுதிக்கிட்டாங்க. பழைய இடத்துல நல்லா ஓடுன கடை இங்க ஈ ஓட்டுது. இந்த மாச வாடகைக்கே வழி தெரியல. என் வீட்டுக்காரி திறக்கவே மாட்டேன்னு சொன்ன ஜன்னலை இப்ப அவளே திறக்குறா. பேத்தி பசியில முழிச்சா கடையில நான் கை துடைக்கிற சிவப்புத் துணியை அங்க தொங்கவிடுறா. வார்டு மாடியில இருந்து பார்த்தா தெரியும்.

இடைவேளையில துணி தெரிஞ்சா மருமக வெள்ளை யூனிஃபார்மோட ஓடி வருவா. பிணவறை கேட்டுல அழுறவங்க நின்னா மட்டும் ஓட்டத்தை நிறுத்திட்டு, தலையைக் குனிஞ்சு மெதுவா நடப்பா. அவங்களைத் தாண்டினதும் மறுபடி ஓட்டம்தான்.