ஒரு கையால் எழுதிய பதில்கள்

செவ்வாய்க்கிழமை காலை, நம் கணினி உதவிக் குழுவில் செல்வியின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா விடியக்காலைல தவறிட்டாங்க. நான் அவங்க தம்பி." திரும்பத் திரும்பப் படித்தேன். அன்று வேலை ஓடவில்லை.

குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதிய செல்வியை நம்மில் பலர் நேரில் பார்த்ததில்லை. மானாம்பதியில் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். படிக்கும்போது கிடைத்த அரசு மடிக்கணினியைக் கழற்றி மாட்டித் தானே கற்றுக்கொண்டவர். போனபோது வயது முப்பத்திரண்டு.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. நான் ஐயங்கார்குளத்தில் பட்டுச்சேலைக்குக் கணினியில் டிசைன் போடுகிறவன். ஒரு நாள் கடவுச்சொல்லைத் தட்டினால், உள்ளே போகாமல் மறுபடியும் கடவுச்சொல்லையே கேட்டது. உள்ளே ஒரு முகூர்த்தச் சேலையின் டிசைன். அதற்காகத் தறி காத்து நின்றது. "அவசரம்! கம்ப்யூட்டர் வேலை செய்யல. யாராவது உடனே கூப்பிடுங்க" என்று குழுவில் ஐந்து முறை போட்டேன். போதாதென்று ஒவ்வொருவருக்கும் தனியாகவும் அனுப்பினேன்.

செல்வி மட்டும் பதில் எழுதினார். "என்ன வருது? அதுக்கு முன்ன என்ன செஞ்சீங்க? எல்லாம் ஒரே செய்தியா, குழுவுலயே."

ஒரு வணக்கம்கூட இல்லை. "உதவ இஷ்டமில்லன்னா கம்முனு இருங்க மேடம்" என்று எழுதிவிட்டேன்.

அரை மணி கழித்து, வேறு வழியில்லாமல் நடந்ததை எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் நினைவு வந்தது, முதல்நாள் அண்ணன் மகள் கல்யாண வீடியோ முழுவதையும் அதில் ஏற்றியிருந்தேன். "கம்ப்யூட்டர்ல இடம் ரொம்பிடுச்சு, அதான் உள்ள விடல, அவ்வளவுதான்" என்றார் செல்வி. உள்ளே போகாமலேயே எதை அழிப்பது, எப்படி அழிப்பது என்று வரிவரியாகச் சொன்னார். டிசைன் பத்திரமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்க, வீட்டை விசாரித்துக்கொண்டு மானாம்பதிக்குப் போனேன். அவர் அம்மாதான் இருந்தார்.

"பொண்ணு வூட்ல இல்லப்பா. வாரத்துக்கு மூணு வாட்டி டயாலிசிஸ். தம்பிகாரன் காஞ்சிபுரம் இட்டுகினு போயிகீறான். அங்க படுத்துகினே போன்ல யாருக்கோ இன்னாத்தையோ எழுதிக்கினு இருக்கும்."

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கையில் குழாய்கள், வலது கையில் போன். பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"கம்முனு இருக்கச் சொன்ன அண்ணனா? எனக்கு ஒரு கைதாண்ணா ஃப்ரீ. நாலு வாட்டி கேட்டு வாங்க முடியாது. அதான் மொத்தமா எழுதுங்கன்னேன்."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா அப்பறம் கேக்கவே கூச்சப்படுவீங்க. கேக்கறது தப்பில்லண்ணா. எதிர்ல கீறவனும் தன் வேலைய வுட்டுட்டு வந்து படிக்கிறான்னு நெனச்சிக்கினு கேட்டா போதும்." தனியாக அனுப்பியதற்கு ஏன் பதிலில்லை என்றும் கேட்டேன். "குழுவுல எழுதினா, நாளைக்கு அதே கஷ்டம் வர்றவங்களுக்கு நான் தேவைப்பட மாட்டேன்."

அதன்பின் அவருக்கு டயாலிசிஸ் நடக்கும் மதியங்களில், புதிதாக வருகிறவர்களிடம் நானே விவரம் கேட்டு வாங்கி, ஒரே செய்தியாக்கிப் போடுவேன். அவர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். "அண்ணா தேறிட்டாரு" என்று ஒருமுறை குழுவிலேயே எழுதினார். அந்த மதியங்கள் இனி இல்லை.

கடைசியாகச் செல்வி ஓர் ஆசிரியரின் பிரிண்டரைச் சரிசெய்ய வழி சொல்லிவிட்டு, வழக்கம்போல இரண்டு நாள் கழித்து, போவதற்கு முந்தைய திங்கட்கிழமை "ஆச்சா சார்?" என்று கேட்டிருந்தார். ஆசிரியர் வியாழக்கிழமைதான், நடுவில் வந்த செய்திகளைப் பார்க்காமல், "ஆச்சு மேடம், ரொம்ப நன்றி" என்று எழுதினார்.

செல்வி இல்லை என்று எழுதத் தொடங்கி, அழித்தேன். "சந்தோஷம் சார். எப்படிச் சரியாச்சுன்னு இங்கயே எழுதிடுங்க, அடுத்தவங்களுக்கு உதவும்" என்றேன். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன்.

உதவி செய்ததோடு நில்லாமல், இரண்டு நாள் கழித்து "ஆச்சா?" என்று கேட்பாரே, செல்வியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.