மச்சினன் தைத்த ஜாக்கெட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு ஷூட்டிங் ரேஞ்சின் வாசற்படியில் என் மச்சினன் பிளேடும் கையுமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

பயப்பட வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறுபட்டது வெறும் தையல்தான். ஆனால் அவன் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, போட்டிக்கு வந்திருந்த இரண்டு பேர் என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

என் மனைவி இசக்கியம்மாள் ரைபிள் சுடுகிறாள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேங்க்கில் ஆபீசர். வயது ஐம்பதைத் தொடப் போகிறது. பிறந்து வளர்ந்தது தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப். வாக்கப்பட்டது செம்பூரில், எனக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜூஹு பீச்சில், பலூன் சுடும் கடையில் சும்மா ஒரு ரவுண்டு சுட்டாள். ஒரு பலூன் மிச்சமில்லை. இன்னொரு ரவுண்டு கேட்டபோது கடைக்காரன் போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டு, "பஸ் கரோ, மேடம்" என்றான். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு, இன்றைக்குப் பத்து மீட்டர் ஏர் ரைபிளில் வந்து நிற்கிறது.

இதில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்கிறீர்களா? தூக்குகிறேன்.

ரைபிள் பெட்டி, கிட் பேக், ஷூ, தண்ணீர் பாட்டில், தயிர்சாத டப்பா... எல்லாம் என் தோளில். ஹார்பர் லைன் ட்ரெயினில் ஏறினால், "அங்கிள், கிட்டார் ஹை க்யா?" என்று எவனாவது கேட்பான். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு, "இல்லை தம்பி, துப்பாக்கி" என்று சொல்கிற தைரியம் எனக்குக் கிடையாது. நீங்கள் யாராவது இந்த விளையாட்டுக்கு வருவதாக இருந்தால், ரைபிள் வாங்கிய பில்லையும் கிளப் கார்டையும் எப்போதும் பெட்டியிலேயே வைத்திருங்கள். கிட்டார் என்ற பொய் போலீஸ்காரரிடம் செல்லாது.

தூக்கித் தூக்கியே நான் ஒரு நிபுணன் ஆகிவிட்டேன். இதுவரை ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆனாலும் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். நானும் கூசாமல் சொல்கிறேன்.

என்ன சொல்வேன்? முதல் நாளே கடைக்கு ஓடாதீர்கள். சில மாதம் கிளப் ரைபிளிலேயே சுடுங்கள். உங்கள் கை நீளத்துக்கும் கழுத்துக்கும் எது ஒத்துவரும் என்று தெரிந்த பிறகு பர்ஸைத் திறங்கள். அடுத்தது பெல்லட்— ஏர் ரைபிளில் போடும் மிளகு சைஸ் ஈயக் குண்டு. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு பெல்லட்தான் பிடிக்கும். பெரிய வீட்டு மாப்பிள்ளை மாதிரி மற்றதெல்லாம் வாயில் வைக்காது. நாலைந்து வகை வாங்கி, ரைபிளை ஸ்டாண்டில் இறுக்கிவைத்துச் சுட்டுப் பாருங்கள். எது திரும்பத் திரும்ப ஒரே ஓட்டையில் போய் விழுகிறதோ, அதுதான் உங்களுடையது. ஒரு டப்பா பெல்லட்டை இன்னொரு டப்பாவில் கொட்டிக் கலக்காதீர்கள். சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே போகாதீர்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வடையில் கை வைக்காதீர்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது.

இந்த உபதேசத்தையெல்லாம் வாயைப் பிளந்து கேட்கிற ஒரே ஆள் என் மச்சினன் சுடலைமணி. இசக்கியின் தம்பி. தாராவியில் லெதர் பட்டறை வைத்திருக்கிறான். பை, பெல்ட், பைக் ஓட்டுகிறவர்களுக்கான ஜாக்கெட்— எல்லாம் தைப்பான். ஒரு நாள் அக்கா சுடுவதைப் பார்க்க ரேஞ்சுக்கு வந்தவன், டார்கெட்டுக்குப் பின்னால் பெட்டியில் நசுங்கிக் கிடந்த பெல்லட்டைப் பார்த்துப் பதறிவிட்டான்.

"அத்தான், இதையெல்லாம் என்ன செய்யுதாங்க?"

"பழைய ஈயத்துக்குப் போட்டுடுவாங்க மாப்ளே."

"அடப் பாவமே! உருக்கி அச்சுல ஊத்துனா மறுபடியும் குண்டுதான? தாராவில ஒரு பிளாஸ்டிக் மூடியக்கூட சும்மா விடமாட்டோம். நம்ம பட்டறைக்குப் பின்னாலயே உருக்கிருவோம்."

அந்தப் புகை ஆளையே முடக்கிவிடும், கையால் ஊற்றுகிற குண்டு ஒன்றைப் போல் ஒன்று வராது என்று விளக்கினேன். அவன் விடவில்லை. பெரிய துப்பாக்கிக்காரர்கள் காலித் தோட்டாவில் திரும்ப மருந்து அடைத்துக்கொள்கிறார்களாமே, யூடியூபில் பார்த்தேனே என்றான்.

"அதெல்லாம் வேற நாட்டுல. இங்க லைசென்ஸ் இல்லாம வீட்ல உட்கார்ந்து தோட்டா அடைச்சா, உங்க அக்கா மெடல் வாங்கறதுக்கு முன்னாடி நீ உள்ள போயிடுவே."

அவன் முகம் தொங்கிவிட்டது. "அப்போ அக்காவுக்கு நான் ஒண்ணுமே செய்யக் கூடாதா அத்தான்?"

கேட்கும்போது பாவமாக இருந்தது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஜாக்கெட் பேச்சை எடுத்தேன்.

ரைபிள் சுடுகிறவர்கள் கேன்வாஸும் லெதரும் வைத்துத் தைத்த விறைப்பான ஜாக்கெட் போடுவார்கள். உடம்பு ஆடாமல் இருக்கவும், முதுகு வலிக்காமல் இருக்கவும் அது உதவும். வெளிநாட்டு ஜாக்கெட்டின் விலையைக் கேட்டால் நமக்கே ஆட்டம் வந்துவிடும். இசக்கி அதுவரை போட்டது கிளப் ஜாக்கெட். யாரோ ஆஜானுபாகுவான ஆணுக்காகத் தைத்தது. தோளில் தொளதொளவென்று தொங்கும். அதை மாதிரிக்கு வாங்கிக்கொண்டு, அக்காவுக்கு அளவும் எடுத்துக்கொண்டு போனான் சுடலை.

கொஞ்ச நாளில் புது ஜாக்கெட்டோடு வந்தான். சோபாவில் வைத்தான். அது தானாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"வெளிய கேன்வாஸ், உள்ள லெதர். நடுவுல சூட்கேஸுக்குப் போடுத ஷீட்டு ரெண்டு. முழுக்க டபுள் தையல். பக்கா மால், கெட்டிச் சரக்கு யக்கா! ஒன் ஆயுசுக்கும் ஒரு நூல் பிரியாது."

இசக்கி போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "ஏல, மூச்சு விட எடம் வச்சியாலே?"

"சுடும்போது மூச்ச அடக்கணும்னு அத்தான்தான சொன்னாவ?"

ஆனால் ஒன்று... அதைப் போட்டுக்கொண்டு சுட்டபோது அவள் அசையவே இல்லை. பிராக்டிஸில் பாயிண்ட் ஏறிக்கொண்டே போனது. கிளப் ஜாக்கெட்டை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

போட்டிக்கு முன்னால் உடுப்பையும் கருவியையும் பரிசோதிப்பார்கள் என்பது நிபுணனாகிய எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பரிசோதனை என்றால் நாம் என்ன நினைப்போம்? பெல்ட் என்றால் அறுந்துபோகுமா என்று பார்ப்பார்கள். பை என்றால் கிழியுமா என்று பார்ப்பார்கள். ஒரு பொருள் அளவுக்கு மேல் உறுதியாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள் என்பது எனக்கோ, தாராவியில் பிறந்து வளர்ந்த ஒரு தோல் தையல்காரனுக்கோ எப்படித் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது மாவட்டப் போட்டி. குறிப்பிட்ட பாயிண்ட் எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பேங்க்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். "இந்த வயசில் துப்பாக்கியா?" என்று சிரித்தவர்களிடமும் சொல்லியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று ஒன்றை இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சுடலையும் பட்டறையைப் பூட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.

பரிசோதனை மேஜையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு கருவியால் ஜாக்கெட்டின் தடிமனை அளந்தார். இன்னொரு கருவியை வைத்து அழுத்தினார். ஜாக்கெட் அமுங்கவில்லை. மறுபடி அழுத்தினார். கருவிதான் கஷ்டப்பட்டது.

"மேடம், யே நஹீ சலேகா. பஹுத் கடக் ஹை."

கடக் என்ற வார்த்தையைக் கேட்டதும் சுடலையின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா அத்தான், கெட்டியா இருக்குன்னு சொல்லுதாங்க!"

"கெட்டியா இருக்கறதாலதான் வேண்டாம்கறாங்க மாப்ளே."

"...என்னது?"

அந்த அம்மா பொறுமையாக ஹிந்தியில் விளக்கினார். சுடுகிறவர் சொந்தக் காலில் நிற்க வேண்டும். ஜாக்கெட் அவரைப் பிடித்து நிறுத்தக் கூடாது. சரிசெய்துகொண்டு வந்தால் இன்னும் ஒரே ஒரு தடவை பார்ப்பேன். அதிலும் தேறாவிட்டால் இந்த ஜாக்கெட் கிடையாது என்றார்.

கிளப் ஜாக்கெட்? அதைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார். ஜாக்கெட்டே இல்லாமல் சுடலாம்தான். ஆனால் அவள் பழகியது அப்படி இல்லையே.

நாங்கள் மூவரும் வாசற்படிக்கு வந்தோம். சுடலை பையிலிருந்து பிளேடை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஜாக்கெட்டையே பார்த்தான். "நான் போட்ட தையல நானே பிரிக்கணுமா அத்தான்? நம்ம கை பட்ட மால் ஒண்ணுகூட இதுவர பிரிஞ்சு வந்தது கிடையாது."

இசக்கி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ பிரிக்கியா, நான் பிரிக்கட்டுமா? நான் பிரிச்சா கை நடுங்கும். எனக்கு இன்னைக்குக் கை வேணும்லே."

அழுதுகொண்டே ஆரம்பித்தான். தையல் வந்தால்தானே? ஒரு நூலை அறுத்தால் அடியில் இன்னொரு நூல். அதை அறுத்தால் முடிச்சு. அரைமணி நேரம் போராடியும் ஒரு பக்கம்தான் பிரிந்தது. உள்ளேயிருந்து அடுத்த டீட்டெயிலுக்கான— அடுத்துச் சுடப்போகிற குழுவுக்கான— அறிவிப்பு கேட்டது. சுடலைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இதை எவம்லே இப்படித் தச்சான்?" என்று தன்னையே திட்டினான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி இசக்கியைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எதற்கும் கலங்காதவள், கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்குப் போச்சுன்னா நான் இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற நான், ஜாக்கெட்டின் இன்னொரு முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அதுதான் என்னால் முடிந்தது.

கடைசியில் இரண்டு ஷீட்டும் வெளியே வந்தன. பிரித்த வாயைக் கையாலேயே ஊசி போட்டு மூடினான். மேஜைக்கு ஓடினோம். அந்த அம்மா அளந்தார். அழுத்தினார். முதுகுப் பக்கம் திருப்பி இன்னொரு இடத்தில் அழுத்தினார். சுடலை கண்ணை மூடி ஊர்ச் சாமியையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சலேகா" என்று ஸ்டிக்கரை ஒட்டினார்.

இசக்கி சுட நின்றாள். முதல் சில குண்டுகள் தள்ளித்தான் விழுந்தன. ஜாக்கெட் இளகிவிட்டது, உடம்பு ஆடியது. துப்பாக்கியை இறக்கினாள். கால்களைக் கொஞ்சம் நகர்த்தி நின்றாள். பெருமூச்சு விட்டாள்— இப்போது மூச்சு விட இடம் இருந்தது. அதன் பிறகு நிதானமாகச் சுட ஆரம்பித்தாள். நான் ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடலை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எடது தோள்ல ஒரு நூல் தொங்குது அத்தான்... மானம் போவுது" என்றான்.

தேவையான பாயிண்டுக்கு இரண்டு கூடவே எடுத்துவிட்டாள்.

வெளியே வந்ததும் என்னிடம் வரவில்லை. நேராகத் தம்பியிடம் போய், அத்தனை பேர் பார்க்க அவனைக் கட்டிக்கொண்டாள். "அழாதலே. இத்தன நாளும் ஒன் ஜாக்கெட்டுதான் நின்னுச்சு. இன்னைக்கு நாந்தான் நின்னேன்."

யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் பாசம் எப்போதும் ஒரு அடுக்கு கூடத்தான். ரெண்டு பேர் பூனா போனாலும் ஆறு பேருக்கு இட்லி கட்டித் தருவோம். அதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, அப்படியே போட்டுக்கொண்டு மூச்சு விடவும் முடியாது. நடுவில் யாராவது அழுதுகொண்டே ஒரு அடுக்கைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

பிரித்த அந்த ஷீட்டுகள் என்ன ஆயின? தாராவிக்காரன் எதையாவது வீணாக்குவானா? நேற்று சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தான். இரண்டு ஷீட்டையும் வைத்து, மேலே எருமைத் தோல் போட்டு, ரைபிளுக்குப் புது உறை தைத்திருக்கிறான். டபுள் தையல். "பைக்கு ரூல் ஒண்ணும் கிடையாதுல்லா அத்தான்?"

துப்பாக்கியை விடக் கனமாக இருக்கிறது. அவன் போன பிறகு ரூல் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டேன்— சுடுகிறவருக்கு ஆயிரம் விதி இருக்கிறது, தூக்குகிறவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.