நான் கண்டாக்காக இருந்த கதை

இன்றைக்கு அந்த மாதிரிப் பயத்துக்குப் பதகளிப்பு என்று வைத்தியத்தில் பெயர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அதற்கென்று தனிக் கிளினிக்கே நடக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, வட்டகொடைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் அதற்கு ஒரே பெயர்தான்: வேலைக் கள்ளன். அந்தப் பட்டம் என் தாய்மாமாவுக்குக் கிடைத்திருந்தது.

மாமாவைச் சோம்பேறி என்றால் நான் சண்டைக்கு நிற்பேன். விறகு பிளப்பார், தண்ணீர் சுமப்பார், லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போட்டு வைத்திருந்தார். ஆனால் விடிந்ததும், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு ஆட்கள் கிளம்பினால் போதும். அவருக்குக் கை நடுங்கும், வியர்க்கும், குடித்த தேத்தண்ணி வெளியே வந்துவிடும். ஒரு நாள் அத்தனை பேர் முன்னாலும், வேலையை மேற்பார்க்கிற தோட்டத்துக் கண்டாக்கு அவரை நிற்கவைத்து, தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தெரியாத ஆள் என்று கிழித்துவிட்டாராம். அன்றிலிருந்துதான் இப்படி.

தோட்ட டிஸ்பென்சரியில் வயிற்றுக் கோளாறு என்று கேஸ்டிக் குளிசை கொடுத்தார்கள். அம்மா கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டாள். கயிறும் குளிசையும் சேர்ந்தும் மாமாவை வாசலைத் தாண்டவைக்க முடியவில்லை. "இந்த மாசத்துக்குள்ள போகலேன்னா பேர வெட்டிருவாங்களாம். அப்புறம் கொழும்புக் கடைக்கு வேலைக்கித்தான் போகணும்" என்று அம்மா அழுதாள். மாமா இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை. இனிப் பெரியவர்களை நம்பிப் பிரயோசனமில்லை என்று நானே இறங்கினேன்.

அப்பாவின் பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, குடைக்கம்பு ஒன்றைக் கையில் பிடித்து, லீக்ஸ் பாத்திக்கு முன்னால் மாமாவை நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டேன். "இருக்கேங்க" என்றார் சிரித்துக்கொண்டு. "ஏய், ஒனக்கெல்லாம் கவ்வாத்துக் கத்திய யாரு குடுத்தது?" என்று கண்டாக்கைப்போலவே அதட்டினேன். சிரிப்பு நின்றது. முகம் வெளுத்து உள்ளே போய்விட்டார்.

கண்டாக்கு வேலை எனக்குப் பிடித்துப்போனதால் மறுநாளும் கூப்பிட்டேன். நாலைந்து நாள் போனதும் மாமாவே, "இன்னுங் கொஞ்சம் சத்தமா ஏசு புள்ள" என்றார். ஏசுவதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும்! ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பெரட்டுக் களத்துக்கே கூட்டிக்கொண்டு போய் ஏசினேன். மாமா நடுங்கினார், ஆனால் ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை மாமா கிளம்பினார். பள்ளிக்கூடம் போகிற வழியில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராச் சுவரோரம் நின்று பார்த்தேன். பெயர் கூப்பிட்டதும், "இருக்கேங்க!" என்ற மாமாவின் குரல் களம் முழுக்கக் கேட்டது. கண்டாக்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இவ்வளவு பழக்கியும் ஒரு ஏச்சுக்கூட விழவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றந்தான். ஆனாலும் மாமாவின் பயத்தை நான்தான் விரட்டினேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அன்று சாயங்காலம் மாமா சாப்பாட்டுப் பெட்டியை என்னிடம் நீட்டினார். அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தொடாமல் இருந்தன. "கண்டாக்கையாவுக்குத்தான்" என்றார். மறுநாளும் பெட்டி அப்படியே வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. என் வேலைக்குக் கிடைத்த கூலி என்று நினைத்து, மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தே ருசித்துச் சாப்பிட்டேன். பயத்தில் ஒரு வாய்கூட இறங்காமல்தான் அவர் பகல் முழுக்க மலையில் கத்தி பிடித்தார், அப்படியிருந்தும் மறுநாள் காலையில் போனார் என்பது எனக்கு அப்போது தெரியாது.