மெழுகு உடையாத கவர்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு மண்ணிறக் கவர் கிடக்கிறது. அதன் வாயில் ஐந்து இடங்களில் சிவப்பு மெழுகு. ஒவ்வொன்றிலும், விளிம்பு நெளிந்த பழைய இலங்கைப் பத்துச் சத நாணயக் குத்தியின் அச்சு. ஐந்தும் இன்றுவரை முழுதாகவே இருக்கின்றன. திறக்க வேண்டிய நாள் வந்தபோதும் நான் கவரின் பக்கவாட்டைக் கத்தியால் கீறினேனே தவிர, மெழுகை உடைக்கவில்லை. உடைத்திருந்தால் பெரியப்பா எங்கிருந்தாவது வந்து கேட்பார் என்று பயந்தேன் போலும்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பியோனாக இருந்தவர். அரக்கு வைத்த கவர்களை ஒரு கந்தோரிலிருந்து மற்றக் கந்தோருக்குச் சைக்கிளில் கொண்டுபோவதுதான் அவருடைய வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லை. அரக்கு உடையாமல் போய்ச் சேர்ந்தால் கடமை முடிந்தது. கனடாவுக்கு வந்து, வோபர்னில் பன்னிரண்டாம் மாடியில் குடியிருந்து, தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வங்கி அட்டை எடுக்கமாட்டார், நேரே போய்க் கையெழுத்து வைத்துத்தான் காசு எடுப்பார். கட்டட அலுவலகத்துக்குத் தன் கணக்கு இலக்கம் தெரியக்கூடாதென்று மாதாமாதம் மணியோடர் வாங்கி வாடகை கட்டினார். வருமானவரிக் கணக்கு எழுத ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு ஆளிடம் போனார். வருகிற கடிதங்களை வாசித்ததும் சமையலறைக் கத்தரிக்கோலால் நறுக்கி, பாதியை வீட்டுக் குப்பையிலும் மீதியை பஸ் தரிப்பிடத் தொட்டியிலும் போடுவார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்பு, அம்மா ஆறு. பட்டமளிப்பு விழா முடிந்த கிழமை பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். பெரியம்மாவைக் கறிவேப்பிலை வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிட்டு, டொலர் கடையில் வாங்கிய சிவப்பு மெழுகுதிரியை உருக்கி, என் கண் முன்னால்தான் இந்தக் கவருக்கு முத்திரை வைத்தார்.

"நீ படிச்சனி. உயிலில உன்னைத்தான் எக்சிகியூட்டராப் போட்டிருக்கிறன். என்ர கணக்கெல்லாம் உதுக்குள்ள கிடக்கு. நான் கண்ணை மூடினாப் பிறகுதான் திறக்க வேணும். பெரியம்மாவுக்குச் சொல்லாதை. அவவின்ர தம்பிக்குக் காது நீளம்."

பிள்ளைகள் இல்லாத அவர், அத்தனை பேரையும் விட்டுத் தம்பி மகளான என்னை, தன் பெறாமகளை, நம்பினார் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெருமை அடுத்த தைப்பொங்கல் வரைக்கும்தான். பொங்கலன்று அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் வந்தவர், தேத்தண்ணி குடிக்க முதலே, "கவரைக் கொண்டு வா" என்றார். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஐந்து மெழுகையும் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "சரி, தொடேல்லை" என்று திருப்பித் தந்தார். ஒன்பது பொங்கல் இப்படிப் போனது. நான் வேலை செய்வது ஒரு கணக்காளர் அலுவலகத்தில். உங்கள் கணக்கு விபரங்களை ஆண்டுக்கு ஒரு தடவை சரிபாருங்கள் என்று மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவள். பெரியப்பாவிடம் அந்த ஒரு வசனத்தைச் சொன்னதில்லை. சொன்னால் உள்ளே பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைப்பார். அவருக்குச் சந்தேகம், எனக்கு ரோசம். இரண்டுக்கும் நடுவில் கவர் பத்திரமாக இருந்தது.

பெரியப்பா போன மார்கழியில், ஆஸ்பத்திரியில் இரண்டே நாள் இருந்து இறந்துபோனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், பெரியம்மாவும் அவருடைய தம்பியும் அப்பாவும் பார்த்திருக்கக் கவரைக் கீறினேன். ஒரே ஒரு தாள். பெரியப்பாவின் வட்டக் கையெழுத்தில் இரண்டு வங்கிக் கணக்குகள், ஒரு காப்புறுதி. அடுத்த மூன்று நாளில் எனக்கு மூன்று பதில்கள் கிடைத்தன. இரண்டு கணக்குகளையும் பெரியப்பாவே பல வருடங்களுக்கு முன் மூடியிருக்கிறார். காப்புறுதி காலாவதியாகிவிட்டது. காசை எங்கோ மாற்றியிருக்கிறார். ஆனால் தாளை மாற்றக் கவரைத் திறக்க வேண்டும், திறந்தால் மெழுகு உடையும். முத்திரை காப்பாற்றப்பட்டது, உள்ளே இருந்த கணக்குகள் செத்துப்போயிருந்தன.

இதை இன்று இவ்வளவு தெளிவாக எழுதுகிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை. புதுக் கணக்குக் காகிதங்களை யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவருடைய வருமானவரி விபரம் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டும். அப்பா தருவதாகச் சொன்னதைப் பெரியம்மா வாங்க மறுத்தார். "அக்காவை நான் பிரம்டனுக்குக் கூட்டிக்கொண்டு போறன், பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு" என்றார் தம்பி. பெரியம்மா இருபத்தாறு வருடம் வாழ்ந்த வீட்டை விட்டுப் போவதா இல்லையா என்பது நான் கண்டுபிடிக்காத ஒரு காகிதத்தில் தொங்கியது. போகிற போக்கில் அந்தத் தம்பி என்னையும் ஒரு குத்துக் குத்தினார்.

"மெழுகை உருக்கிப்போட்டுத் திருப்பி ஒட்டேலாதே? படிச்ச பிள்ளையளுக்கு உதெல்லாம் பெரிய வேலையே!"

அப்பா எழும்பிவிட்டார். நான் கையைப் பிடித்து இருத்தினேன். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். ஒன்பது வருடம் தொடாமல் வைத்திருந்ததற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த மெழுகுதான். அதைத் தடவிப் பார்க்கிறவர் இப்போது இல்லை.

என் சந்தேகமும் சும்மா இருக்கவில்லை. பெரியம்மா படுக்கையறை அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருந்தார். நான் உள்ளே போனால் கதவருகே வந்து நிற்பார். தம்பியுடன் ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருப்பவர் என்னைக் கண்டதும் மழை பனி என்று பேச்சை மாற்றுவார். காகிதங்கள் அந்த அலுமாரிக்குள்தான் என்று எனக்குள் தீர்மானித்துவிட்டேன்.

அந்த மாதக் கடைசிக்கு நாலு நாள் இருக்கும்போது, தண்ணீர் எடுக்கப் போனவள் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் பிடித்திருந்த கடைச் சாமான் எழுதிய துண்டைக் கண்டேன். உள்ளி, ஒடியல் மா, தேங்காய்ப்பால். தாள் தடிப்பாக இருந்ததால் திருப்பினேன். அது ஒரு கடிதக் கவர். மூலையில் மஞ்சள் வட்டம் போட்ட ஒரு கொம்பனியின் பெயரும் விலாசமும். பெரியப்பாவின் தாளில் இல்லாத பெயர்.

"பெரியம்மா, உது எங்காலை வந்தது?"

"என்ர சாமான் துண்டு. ஏன், உதுக்கும் கணக்குக் காட்ட வேணுமோ?"

"உதைப்போல வேறையும் இருக்கோ?"

கதவுத் துவாரத்தால் அந்நியரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஆருக்காகக் கேக்கிறாய்?"

"உங்கட வாடகைக்காக."

இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். சேலைகளுக்கு அடியில் ஒரு சூட்கேஸ். அதற்குள் நூற்றுக்கணக்கான வெறும் கவர்கள், கம்பளி நூலால் கட்டுக் கட்டாக. பச்சைக் கோடு ஒரு கட்டு, மஞ்சள் வட்டம் ஒரு கட்டு, இரண்டு கை கோத்த படம் ஒரு கட்டு. ஒவ்வொரு கவரின் பின்புறத்திலும் பென்சிலால் வந்த திகதி, அருகில் அன்று பெரியப்பா இருந்த விதம் பற்றி ஒரு குறிப்பு. "சிரிச்சவர்." "பேசேல்லை." "சாப்பிடாமல் படுத்தவர்." பெரியப்பா கடிதத்தைத்தான் நறுக்கினார். கவரை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று மேசையில் விட்டிருக்கிறார்.

"உன்ர பெரியப்பா தன்ர தங்கச்சிக்குக் களவாக் காசு அனுப்புறார் எண்டு எனக்கொரு சந்தேகம். எனக்கு இங்கிலீசு தெரியாது. படத்தைப் பாத்துப் பிரிச்சு வைச்சன். ஆர் அடிக்கடி எழுதுகினம் எண்டு ஒருநாளைக்குப் பிடிபடுந்தானே."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ? வந்த நாள் தொடக்கம் என்ர அலுமாரியைத்தானே பாத்துக்கொண்டு நிண்டனி."

உயிலை நிறைவேற்றுகிற எக்சிகியூட்டருக்குக் கணக்கு இலக்கங்கள்கூட வேண்டியதில்லை, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு கட்டிலும் கடைசித் திகதிக் கவரை எடுத்து, மரணச் சான்றிதழும் உயிலின் பிரதியும் வைத்து மூன்று இடங்களுக்கும் எழுதினேன். அந்த ஒரு மாத வாடகையைக் கடன் என்று சொல்லித்தான் பெரியம்மா அப்பாவிடம் வாங்கினார். முதலில் வந்த பதில் மஞ்சள் வட்டத்திலிருந்து. மெழுகுக் கவரை ஒட்டிய பிறகு பெரியப்பா எடுத்த ஆயுள் காப்புறுதி. பெரியம்மாவின் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது.

"அப்ப தங்கச்சிக்கு ஒண்டுமில்லையோ?"

"இல்லைப் பெரியம்மா. எல்லாம் உங்களுக்குத்தான்."

அவர் அழவில்லை. மஞ்சள் வட்டக் கட்டில் அடியில் கிடந்த முதல் கவரை உருவி, பின்புறத்தை வாய்விட்டு வாசித்தார். "கதவைச் சாத்திப்போட்டு வாசிச்சவர்." பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

பெரியம்மா இன்னும் அதே பன்னிரண்டாம் மாடியில்தான் இருக்கிறார். சித்திரையில் நான் எனக்கென்று ஒரு தாள் எழுதினேன். எந்தெந்த இடத்தில் கணக்கு, எந்தக் காப்புறுதி, உயில் யாரிடம் என்பவை மட்டும். கடவுச்சொல் எதுவுமில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் திருத்த வேண்டும் என்று தலைப்பிலேயே எழுதினேன். தாள் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அதை ஒரு கவரில் போட்டுப் பெரியம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவரின் வாயைத் தடவிப் பார்த்தவர், "ஒட்ட மறந்திட்டியோ?" என்றார். மறக்கவில்லை என்றேன்.

அடுத்த மாதம் போனபோது, அலுமாரி பூட்டியிருக்கவில்லை, அவர் தேத்தண்ணி போடும் நேரத்தில், என் கவரையும் போட்டு வைத்திருந்த சூட்கேஸைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்றால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, தாளை நான் மடித்த மடிப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்க்கத்தான். என் பெருவிரல் தானாகவே கவரின் வாயைத் தடவியது. மெழுகு இல்லாத, வெறும் காகிதம். பின்புறத்தைத் திருப்பினேன். பென்சிலால் திகதி, அதன் கீழே பெரியம்மாவின் கையெழுத்து: "பெறாமகள் தந்தது. ஒட்டாமல் தந்தவள்."