பெயர் சொல்லி ஜெபித்த வகுப்பு

பெரியவர்களுக்கு வேத வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் போதகர் ஐயா கேட்டார். பாடத்தை எப்படித் தயாரிப்பது, போர்டில் எப்படி எழுதுவது என்றெல்லாம் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது என் வகுப்பில் நடந்த ஒரு காரியம். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

1. முதல் நாள்

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் எங்கள் சபை. பிரஸ்பிட்டேரியன் சபை என்பதால் மூப்பர்கள் கூடித்தான் எதையும் முடிவு செய்வார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நான் ரிட்டயர் ஆனதும் அவர்கள் கூடி, “டீச்சர் சும்மாத்தானே இருக்காங்க” என்று என்னைக் கிறிஸ்தவக் கல்விப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். சும்மா இருக்கிறேன் என்று யார் சொன்னது என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பாடகர் குழு உடை மாட்டும் அறையில் வகுப்பு. எல்லாருக்கும் பசி நேரம். முதல் நாள் நான் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்று போர்டில் கொட்டை எழுத்தில் எழுதி, தொண்டை வறளப் பேசினேன். ஒரு மூப்பர் நன்றாகத் தூங்கினார். ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டேன்.

பின்னால் இருந்த ஓர் அம்மா எழுந்தார். “டீச்சர், சித்தெ சீக்கிரம் உட்டீங்கன்னா மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் புடிச்சிருவேனுங்க.”

இதுதான் என் வகுப்பில் வந்த முதல் கேள்வி. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கத்தித் தீர்த்தேன். பாவம் மனுஷன், அவர் என்ன செய்வார்.

சில வாரங்கள் இப்படியே ஓடின. ஒருநாள் முடிக்கப் போகும்போது ஒருவர், “என்ற மருமகன் குடிய உடமாட்டேங்கறானுங்க, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க” என்றார். அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்த மூப்பர்கூட எழுந்து உட்கார்ந்தார். ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்கு லேத் பட்டறையில் ஆர்டர் இல்லை, ஒருவருடைய மகன் போன் எடுப்பதில்லை. பஸ்ஸுக்குப் போக வேண்டிய அம்மா பஸ்ஸை மறந்துவிட்டார்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வகுப்பை ஜோடி ஜோடியாகப் பிரித்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜெபத் துணை. மனதில் உள்ள பாரத்தை இந்த வாரம் துணையிடம் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் அந்தத் துணை வகுப்பில் எல்லார் முன்னாலும் அதற்காக ஜெபிக்க வேண்டும். “பொத்தாம் பொதுவா ஜெபிக்காதீங்க. பேர் சொல்லிக் கேளுங்க, காரியத்தைச் சொல்லிக் கேளுங்க” என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

வகுப்பில் உட்கார இடமில்லாமல் போயிற்று. ஹாலிலிருந்து நாற்காலி தூக்கி வந்தார்கள். வேறு சபைகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

2. எஸ்தரும் சாந்தாவும்

பெயர்களை மாற்றியிருக்கிறேன். எஸ்தர் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஜெனி, லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்த பெண். அதிகம் பேசாத எஸ்தருக்கு, அதிகம் பேசும் சாந்தாவை நான் துணையாகப் போட்டேன். நல்ல பொருத்தம் என்று நினைத்துத்தான் போட்டேன்.

சாந்தா இட்லி மாவுக் கடை வைத்திருந்தார். ஜெபிக்க ஆரம்பித்தால் அறையே அதிரும். கேட்டதைவிடப் பெரிதாகத்தான் கேட்பார். முட்டி வலி குறைய வேண்டும் என்று நாம் சொன்னால், மலை ஏறும் பலம் கொடும் ஆண்டவரே என்று கேட்பார். சூது வாது தெரியாத மனுஷி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும்.

ஜெனிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்துகொண்டிருந்தது. மாத்திரையில் கட்டுப்பட்டு, பல வருஷமாக வரவில்லை. பவானியிலிருந்து ஒரு வரன் வந்து, பேசி முடித்தார்கள். எஸ்தருக்கு உறக்கம் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் கல்யாணத்தை நடத்தவும் மனம் ஒப்பவில்லை. துணையாயிற்றே என்று சாந்தாவிடம் மட்டும் சொன்னார்.

“மாப்பிள்ளையோட அக்கா விமலா வார ஞாயித்துக்கிழமை ஓலை கேக்க நம்ம கோயிலுக்கு வாராங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, சாப்பாடு போட்டு, நானே சொல்லிப்போடறேன். அதுக்கு எனக்குத் தைரியம் வேணும். அதுக்காக மட்டும் ஜெபம் பண்ணு சாந்தா.”

சாந்தா பிறகு என்னிடம் சொல்லி அழுதபோதுதான் இந்த வார்த்தைகள் எனக்குத் தெரிந்தன.

3. ஓலை வாசித்த ஞாயிறு

ஓலை என்பது என்னவென்று வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஆராதனையில் போதகர் வாசிப்பார். அன்றைக்கு ஜெனிக்கு முதல் ஓலை. விமலா பட்டுச் சேலை கட்டி முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். ஆராதனை முடிந்ததும் எஸ்தர் அவரிடம், “சித்தெ இருங்க அம்மணி, வகுப்பு முடிஞ்சதும் வாரேன். ஊட்டுல ஒரு சமாச்சாரம் பேசோணும்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு வந்தார்.

அன்று வெயில் நன்றாகக் காய்ந்தது. விமலா கொஞ்ச நேரம் வெளியே நின்று பார்த்துவிட்டு, நிழலுக்காக எங்கள் அறைக்குள் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. ஜெப வேளை. இருந்தவர்கள் அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தோம். வகுப்பு நடத்துகிற நானும்தான்.

சாந்தாவின் முறை வந்தது.

“ஆண்டவரே, எஸ்தர் அக்கா மக ஜெனிய உங்க பாதத்துல வெக்கறேன். அந்த வலிப்பு நோவு திரும்ப வரவே கூடாதுப்பா! மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குத் தெரியறதுக்குள்ள பூரண சுகம் குடுங்கப்பா! தாலி கட்டற நேரத்துல வந்துடாம காத்துக்கோங்கப்பா!”

தைரியம் கேட்கச் சொன்னால் அற்புதத்தையே கேட்டுவிட்டார். சொல்ல வேண்டிய அவசியமே வராதபடி சுகமாகிவிடட்டும் என்பது அவருடைய நல்லெண்ணம். எஸ்தர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து அழுத்தியிருக்கிறார். அக்கா உருகுகிறார் என்று நினைத்துச் சாந்தா இன்னும் சத்தத்தைக் கூட்டினார்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தோம். கடைசி நாற்காலியிலிருந்து விமலா எழுந்து நின்றார்.

“நல்ல ஜெபமுங்க. ஏனுங்க, இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்குது. கட்டிக்கப் போற எங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுங்களா?”

எஸ்தர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். “இல்லீங்க அம்மணி, இன்னைக்கு ஊட்டுல வெச்சுச் சொல்லத்தானுங்க உங்கள இருக்கச் சொன்னேன். சத்தியமாச் சொல்றேனுங்க.”

“இப்ப எது வேணாலும் சொல்லலாமுங்க” என்று சொல்லிவிட்டு விமலா போய்விட்டார். எஸ்தர் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் போனார். சமைத்து வைத்திருந்த சாப்பாடு அன்றைக்கு அப்படியே கிடந்ததாம்.

4. பவானி

மறுநாளே போதகர் ஐயாவும் நானும் பவானிக்குப் போனோம். தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். எஸ்தர் ஏமாற்ற நினைக்கவில்லை, அன்றே சொல்ல இருந்தார் என்று நான் எடுத்துச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா, “நீங்க டீச்சருங்க. உங்க வகுப்புக்காரங்களுக்காக நீங்க பேசத்தான் செய்வீங்க” என்றார்.

விமலாதான் வாசல் வரை வந்து வழியனுப்பினார். “வலிப்பு எங்க சொந்தத்துலயும் ஒருத்தருக்கு இருக்குதுங்க. அது ஒண்ணும் பெருசில்லீங்க. அவங்க வாயால வந்து சொல்லியிருந்தாங்கன்னா நாங்க யோசிச்சிருப்போமுங்க. நீங்க எல்லாரும் கூடி, எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டிருக்கீங்க. அதக் கேட்டுப்போட்டு எப்பிடிங்க பொண்ணு எடுக்கறது?”

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தாய் தன் வாயால் உண்மையைச் சொல்லி, தலை நிமிர்ந்து சம்பந்தம் செய்திருக்கலாம். அந்த வாய்ப்பை என் வகுப்பு பறித்துப் போட்டது. உண்மை சொல்ல இருந்தவரைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சபை முழுக்க ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

ஆறுதல் சொல்ல எஸ்தர் வீட்டுக்குப் போனேன். ஜெனிதான் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

“டீச்சர், என்ற தலைக்குள்ள இருக்கறது என்ற சமாச்சாரமுங்க. அத எதுக்குங்க உங்க வகுப்புல சுத்துக்கு உட்டீங்க?”

வந்த வழியே திரும்பினேன். அதன்பின் அவள் எங்கள் கோயிலுக்கு வரவில்லை. வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனைப் பிடித்துப்போய், தானே எல்லாவற்றையும் சொல்லி, பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். எங்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. நியாயம்தான்.

5. ஸ்தோத்திரம் மட்டும்

எஸ்தர் வகுப்பை விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. விட்டுப் போயிருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பேன். சில வாரம் கழித்து வந்து, சாந்தாவின் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்தார். அவர் முறை வரும்போது, “எனக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர். ஸ்தோத்திரம் மட்டும்” என்பார்.

ஜோடி முறையை நான் நிறுத்தினேன். பெயர் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டேன். சாந்தாவோ அன்றைக்குப் பிறகு வகுப்பில் வாய் திறந்து ஜெபிக்கவே இல்லை. எத்தனை முறை கேட்டும் தலையை ஆட்டிவிட்டார். அறையை அதிர வைத்த அந்தக் குரல் போயே போயிற்று. ஒருவர் எதையும் கேட்பதில்லை, ஒருவர் எதற்கும் ஜெபிப்பதில்லை. இருவரும் ஒரே வரிசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள். நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

6. ஆஸ்பத்திரி

போன வருஷம் என் கண்ணைக் காட்டக் கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஃப்ட்டைத் தப்பான மாடியில் நிறுத்தி இறங்கிவிட்டேன். அங்கே நாற்காலியில் எஸ்தர், தலையில் துணி கட்டிக்கொண்டு. பக்கத்தில் ஜெனி. என்ன நோய் என்று எழுத எனக்கு உத்தரவில்லை. பல மாதமாக வைத்தியம் நடக்கிறது. இடையிடையே வகுப்புக்கு வராத வாரங்களுக்கு, ஊருக்குப் போயிருந்தேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பியிருந்தோம்.

நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்தார்.

“டீச்சர், வகுப்புல ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. ஜெபத்துலகூட சொல்லாதீங்க.”

ஜெபத்துலகூட என்றார். ஜெபிக்கக் கற்றுக் கொடுப்பதே என் வேலையாக இருந்தது. அந்த வார்த்தைக்கு முன்னால் நான் செய்த வேலையெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. அழுதேன். ஜெனி எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தாள்.

“சும்மா வந்து உங்க கூட உக்காந்திருக்கட்டுமா எஸ்தர்?” என்று கேட்டேன்.

தலைத் துணியைச் சரிசெய்துகொண்டார். “வாங்க. ஜெபம் மட்டும் வேண்டாமுங்க.”

வகுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, மருந்து ஏற்றும் நாட்களில் நான் அங்கே போகிறேன். இதை எழுதட்டுமா என்று இருவரிடமும் கேட்டபோது ஜெனி சரி என்றாள். எஸ்தர், “பேரு மாத்தி எழுதிக்குங்க. சாந்தாகிட்ட நானே சொல்லிப்போட்டேன். மத்தவங்க தெரிஞ்சுக்கிட்டா தெரிஞ்சுக்கட்டும், இனி என்ன” என்றார். சாந்தாவிடம் அவரே சொன்னார் என்பதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சாந்தாவும் இப்போது டிபன் டப்பாவோடு வருகிறார்.

புதிதாக வருகிறவர்களே, நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். உங்கள் வகுப்பில் ஒருவர் தன் பாரத்தைச் சொன்னால் அது அவருடைய சொத்து. அதை எப்போது, யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்பது அவர் பாடு. ஆண்டவரிடம்தானே சொல்கிறோம் என்று நினைத்துச் சத்தமாக எடுத்துச் செலவழித்துவிடாதீர்கள். அறையில் ஆண்டவர் மட்டும் இருப்பதில்லை.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரம், கட்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் சாந்தா. கம்பெனிச் சமாச்சாரம், மாவு விலை, ஜெனியின் குழந்தைக்குப் பல் முளைத்தது என்று ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். ஒரு வார்த்தை கேட்டால் போதும், இருவரும் ஜெபிக்கத் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். எஸ்தர் இன்னும் கேட்கவில்லை.