மாடியிலிருந்து கீழே வந்த போன்

என் மருமகள் போனில் என்ன பேசி வேலையைப் பிடித்தாள் என்று உனக்கு எதற்கு? உன் வீட்டு அடுப்பில் பால் பொங்குகிறதா என்று போய்ப் பார். போகமாட்டாயா? சரி, உட்கார்.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. மருமகள் முன்பு டோம்பிவிலியில் ஒரு கடையில் வேலை பார்த்தாள். அவள் ரயிலேறி வீடு வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும். அதனால்தான் வீட்டிலிருந்தே போனில் தண்ணீர் ஃபில்டர் விற்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஊர்ப்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுத் தமிழில் பேச வேண்டும். ஒன்றுகூட விற்கவில்லை. சனிக்கிழமை அவள் பேசும்போது கம்பெனி மேடம் ஒட்டுக் கேட்பாராம். அதுவும் சரியில்லை என்றால் மறுபடி டோம்பிவிலிதான்.

பழகிப் பார்க்க என்னைப் பிடித்தாள். அவள் மேலே, நான் கீழே. போன் அடித்தது.

"வணக்கம் மேடம், தங்களின் பொன்னான நேரத்தில்..."

வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி வைத்தேன். ஏணி வழியாகத் தலை தெரிந்தது.

"அரே, ஏன் அத்தே வைக்கீங்க?"

"எங்கிட்ட யாருட்டி பொன்னான நேரம்னு பேசுதா? பேங்க்ல இருந்து பேசுத மெஷின்னு நெனச்சிட்டேன்."

"நிப்பாட்டாம பேசணும்னு மேடம் சொல்லிருக்காங்க."

"அப்ப நீயே பேசு, நீயே வாங்கு."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள், கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டாள். இந்த முறை வணக்கமும் இல்லை, பொன்னும் இல்லை.

"அத்தே, உங்க வீட்டுல தண்ணி யாரு பிடிக்கா?"

கேட்டாளா? குழாயடிச் சண்டை, முழங்கால் வலி, குழாய் வாயில் நான் கட்டும் பழைய வேட்டித் துணி, அதில் சேரும் துரு, எல்லாம் சொன்னேன். கதை கேட்கிறவள் போல "ம்" கொட்டினாள்.

"பொறவு? அந்தத் துணிய யாரு அலசுதா?"

"வேற யாரு, நான்தான்."

"ம்."

எனக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. வாங்கவே கூடாது என்று உட்கார்ந்திருந்தவள், "ஆள அனுப்புட்டி, மெஷின பாப்போம்" என்றேன். மேலே ஒரே சிரிப்பு.

சனிக்கிழமை குக்கரை இறக்கி வைத்துவிட்டு ஏணியடியில் உட்கார்ந்தேன். எனக்குக் கேட்டது அவள் பேச்சு மட்டும்தான். தண்ணீர் யார் பிடிக்கிறார்கள் என்று கேட்டாள். பிறகு "ம்." "ஐயோ, பொறவு?" மறுபடி "ம்." அந்த நேரத்தில் ஓர் ஈடு இட்லி வெந்திருக்கும். அந்தப் பக்கம் அந்த அம்மாள் என்னதான் சொல்கிறாள்? முழங்காலை மறந்து ரெண்டு படி ஏறிவிட்டேன். கடைசியில், "சரிம்மா, ஆள அனுப்புதோம், நல்லா பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள். சற்று நேரத்தில் மேடமே கூப்பிட்டு, வேலை பக்கா என்றார்.

"அந்தம்மா அப்படி என்னட்டி சொன்னா?"

"கஸ்டமர் விஷயம் வெளிய சொல்லக் கூடாது அத்தே."

"மாமியாட்டயுமா?"

"மாமியாட்டதான் முக்கியமா."

டீ போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். குடித்துவிட்டு "ம்" என்றாள்.

மறுநாள் குழாயடியில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். துணியைப் பிழிந்தபடி சொன்னேன்:

"எனக்கு எல்லாம் தெரியும். கஸ்டமர் விஷயம், வெளிய சொல்லக் கூடாது."